பின் இருக்கை

வால்ட்ராவுட் முன்னால், நான் பின்னால்.
ஒரே சட்டம், இரண்டு இருக்கை, நான்கு மிதி.
எனக்கும் கைப்பிடி உண்டு. திரும்பாது.
இருபத்தாறு ஆண்டு நாற்பது டன் லாரி ஓட்டியவளுக்குத்
திரும்பாத கைப்பிடி எப்படி இருக்கும் என்று
கேட்காதீர்கள்.
முதல் ஐந்து கிலோமீட்டருக்கு உள்ளங்கையெல்லாம் வியர்வை.

பக்கங்கள்தான் முதலில் போயின.
கண்ணாடிக்குள் சிக்காத மூலை
எல்லா லாரிக்கும் ஒன்று உண்டு.
அதை வீட்டுக்கு ஏற்றி வந்துவிட்டேன் போல.
கதவுநிலை தோளில் இடித்தது.
காப்பிக் கோப்பை, வைத்த இடத்தில் இல்லை.
உரிமத்தை வாங்கி வைத்துக்கொண்ட மருத்துவர்
மிச்சமிருக்கும் பார்வையை
ஒரு நாணயத்தைத் தூக்கிக் காட்டிச் சொன்னார்:
இவ்வளவு.
இப்போது அந்த நாணயத்துக்குள்
வால்ட்ராவுட்டின் முதுகு,
சட்டையில் ஈரமாய் ஒரு தீவு.

இந்தப் பாதையில் கார் வராது என்கிறாள்.
தெரியும். கிளம்பும்போது
பலகையைத் தடவியே பார்த்துவிட்டேன்.
ஆனாலும் கழுத்து
இடப்பக்கம் திரும்பிக்கொண்டே இருக்கிறது,
முந்தப்போகும் எவனையோ தேடி.
எவனும் இல்லை.
சங்கிலிச் சத்தம்.
திராட்சைத் தோட்டத்தில் குருவி விரட்டும் வெடி.
மறுபடி சங்கிலி.

"ஏரி எந்தப் பக்கம்?"
"இடப்பக்கம்."
"எப்படி இருக்கு?"
பத்துப் பன்னிரண்டு மிதிக்குப் பதில் இல்லை.
"தெரியல, ஷரோல்டா.
நாணல்தான் தெரியுது. காலையிலேர்ந்து நாணல்."

நாற்பது கிலோமீட்டர் ஏரியைச் சுற்றியிருக்கிறோம்.
கண் இரண்டும் நன்றாயிருப்பவள்
இன்னும் ஏரியைப் பார்க்கவில்லை.
சிரித்த சிரிப்பில் வண்டி ஆடியது.
"ஆடாதே," என்றாள், அதே குரலில்.

அந்தக் குரலை எனக்கு முன்பே தெரியும்.
நிக்கல்ஸ்டோர்ஃப் சுங்க அலுவலகம், ஒரு ஜனவரி.
என் லாரியில் உறைந்த வாத்து.
தாளில் ஒரு முத்திரை மங்கல்.
பதினோரு மணி நேரம் நிறுத்தி வைத்தாள்,
சீருடையில், குறைசொல்ல முடியாத மரியாதையோடு.
ஒரு டீ கொடுத்திருக்கலாம்.
இன்றைக்கும் சொல்லிக்காட்டுவேன்.
அவளும் இன்றைக்கும் சொல்வாள்:
முத்திரை மங்கல்தானே?

மெர்பிஷ் தாண்டினால் எல்லை.
நடப்பவரும் மிதிப்பவரும் போகலாம்,
காருக்கு வழியில்லை.
தூக்கிக் கட்டத் தடைக்கம்பம்கூட இல்லை,
ஒரு கல், ஒரு பெஞ்சு.
அங்கே போய் பிரேக் பிடித்தாள் வால்ட்ராவுட்.
ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றாள்.
"யாரோட தாளைப் பார்க்கப்போறே?"
பதில் வரவில்லை.
காது மடல் சிவந்தது மட்டும்
நாணயத்துக்குள் வந்துபோனது.

அப்புறம் எங்கள் நாடு.
பலகைகள் என் மொழிக்கு மாறின,
படிக்க வேண்டியவள் அவள்.
"கெ... ரெக்... பார்... ஊட்.
ஊர்ப் பேரா?"
"சைக்கிள் பாதைன்னு அர்த்தம், மண்டு."

நேற்று முழுக்க வடமேற்குக் காற்று.
அடித்தால் தண்ணீரை
எங்கள் பக்கம் தள்ளிவிட்டுப் போகும்,
ஆள் கழுத்துக்கு மேல் ஆழமில்லாத ஏரி.
முதலில் சேற்று வாசம் வந்தது.
நிறுத்து என்றேன்.
நாணலுக்கு அந்தப் பக்கம், எங்கோ ஒரு படகுக் கொட்டகை,
அதன் மரக்காலில் தண்ணீர்
சோம்பலாய் அடித்துக்கொண்டிருந்தது.
"இதோ இருக்கு," என்று கையை நீட்டினேன்.
அவள் அந்தப் பக்கமே பார்த்தபடி நின்றாள்.
எக்கியும் பார்த்தாள்.
"நம்பறேன்," என்றாள்.

ஃபெர்ட்டோராகோஷ் ஏற்றத்தில் சங்கிலி கழன்றது.
அதற்குக் கண் எதற்கு?
மண்டியிட்டேன். பல்லைத் தடவி, கண்ணியைத் தூக்கி,
மிதியைப் பின்னோக்கி அரைச்சுற்று.
கடக்.
பத்து விரலும் கிரீஸ்.
துடைக்கத் தன் கழுத்துத் துணியை அவிழ்த்து நீட்டினாள்,
வெள்ளைத் துணி, இஸ்திரி போட்டது.
வேண்டுமென்றே நன்றாகத் துடைத்தேன்.

ஏறு என்றாள்.
ஏறினேன்.
"இப்போ?"
"நாணல்."