கொடுப்புப் பல்

கிளிநொச்சி ஆஸ்பத்திரி. பதினோராம் நம்பர் துண்டு.
கதிரை பின்னால் சரிகிறது.

"ஊசி கொஞ்சம் நோகும்.
பிறகு சொண்டு தடிச்ச மாதிரி இருக்கும், தடிக்காது.
நோவெண்டால் இடக்கையைத் தூக்குங்கோ,
நிப்பாட்டுவன்" என்றாள் டொக்டர் நிரோஜா.

முகமாலையில் எங்களுக்கும் அதே சட்டம்:
ஒரு கை உயர்ந்தால் எல்லோரும் நிற்க வேணும்.

வாய்க்குள் ரப்பர் விரிப்பு,
ஒரேயொரு பல்லுக்கு வேலி.
மயிரளவு கம்பி, அதில் சிவப்பு வளையம்.
இறக்குகிறாள், இழுக்கிறாள்,
அளவுகோலில் வைத்துப் பார்த்து மறுபடி இறக்குகிறாள்.
இருபத்தொன்றரை மில்லிமீற்றர்.
அவசரப்படாத கையை எனக்குத் தெரியும்.
எட்டு வருசமாய் முழங்காலில் இருந்து
வெடி தேடி மண்ணை
நானும் அப்படித்தான் சுரண்டுகிறேன்.

இரண்டு வேருக்குள் மூன்று வாய்க்காலாம்.
இரண்டு அகப்பட்டுவிட்டது.
மூன்றாவதைத் தேடுகிறாள்,
நெற்றியில் வியர்வை,
முகமூடிக்குள் மூச்சே இல்லை.

கையைத் தூக்கினேன்.

"நோகுதோ?"

இல்லை என்று தலையாட்டினேன்.
அவள் ஒருக்கால் மூச்சு விடட்டும் என்றுதான்.

பஸ் ஸ்ராண்டில் குடித்த பிளேன்ரீ
சொண்டால் வழிந்தது தெரியவில்லை,
சட்டை நனைந்து நெஞ்சு சுடும்வரை.
பல்லுக்குள் பஞ்சும் மருந்தும்.
மூன்றாவது வாய்க்கால்
அடுத்த வியாழன்.