சோதனைச் சாவடி

களியக்காவிளையில் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு கம்பு,
இரண்டு போலீஸ், ஒரு ஸ்டூல்.
கோழி லாரியை நிறுத்துவார்கள்,
அரிசி மூட்டையைக் கம்பியால் குத்திப் பார்ப்பார்கள்.
காலை ஆறரைக்கு அண்டியாபீசுக்குப் போகிற என்னை
ஒருநாளும் நிறுத்தியதில்லை.
தூக்குவாளியில் கஞ்சி, துவையல்.
கடத்த வேறென்ன இருக்கிறது?

கம்பு தாண்டி நூறடியில் சுகதன்.
மூன்று சக்கர வண்டி, சூம்பிய கால்,
மடியில் சீட்டுகள், காற்றுக்குப் பயந்து ஒரு கிளிப்.
"சேச்சி, ஏழில் தீருந்நது மாற்றி வெச்சிட்டுண்டு."
நான் கேட்காமலேயே எடுத்து வைப்பான்.
என் கல்யாணத்துக்குப் பிறகு
எனக்கென்று யாரும் எதையும் எடுத்து வைத்ததில்லை.

பதினொரு மாதம் வாங்கினேன்.
முதலில் கூலியில் மிஞ்சியதில்,
பிறகு மீன் வாங்காமல்,
பிறகு மகளுக்கு மாத்திரை வாங்காமல்.
நடுவே ஒருதரம் நூறு ரூபாய் விழுந்தது.
அந்த நூறுதான் என்னைக் கெடுத்தது.

போன பெரிய வெள்ளி, மும்மணி ஆராதனை.
தையலில்லாத அங்கிக்குச் சீட்டுப்போட்ட சிப்பாய்களைப் பற்றிப்
போதகர் சொல்லச் சொல்ல
முன்வரிசையில் எல்லோரும் மூக்கைச் சிந்தினார்கள்.
நானோ,
யாருக்கு விழுந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பெண்கள் சங்கத்துப் பணம் என் வீட்டில்தான்.
ஹார்லிக்ஸ் டப்பா, வாயில் வெள்ளைத்துணி.
முப்பத்திரண்டு வீட்டுப் பிடியரிசி விற்ற காசு,
ரெத்தினபாய் மகனின் கிட்னிக்கு.

என் விரல்களில் ரேகை கிடையாது.
இருபது வருஷத்து அண்டித்தோல் எண்ணெய் அதைத் தின்றுவிட்டது.
ரேஷன் கடை மிஷினில் அழுத்தினால்
நான் நான் இல்லை என்று சொல்லும்.
அப்படியென்றால்
டப்பாவைத் திறக்கிற கை யாருடையது?
கதவைச் சாத்திக்கொண்டு இப்படியும் யோசித்தேன்.
செய்ததைவிட இதைச் சொல்லத்தான் வெட்கம்.

ஒரே எண்ணில் பத்துச் சீட்டு, ஒரு செட்டு.
ஐந்நூறு ரூபாய்.
நோட்டை எட்டாய் மடித்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டு
காலையில் நடந்தேன். நல்ல பனி.
கம்படியில் புதுப் போலீஸ், சின்னப் பையன்,
கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டான்:
"கையில என்னக்கா?"

ஒன்றுமில்லை என்று சொன்னேன்.
கேட்டதுகூட அவனுக்கு மறந்துபோனது.
அவன் தலைக்கு மேலே பலகை,
இருபது வருஷமாய்ப் பார்க்கிற பலகை,
அன்றைக்குத்தான் எழுத்துக்கூட்டி வாசித்தேன்.
சோதனை.
ஞாயிறுதோறும் அதற்குள் விடாதேயும் என்று கேட்டுவிட்டு
திங்கள்தோறும் அதன் அடியில் குனிந்து போகிறவள் நான்.

வானம் திறக்கவில்லை.
திரும்பி ஓடவும் இல்லை, ஓடினால் அரைநாள் கூலி போகும்.
சுகதனிடம் போய், "இன்றைக்கு வேண்டாம்" என்றேன்.
"நாளெ?"
"நாளைக்கும்."
அவன் முகம் விழுந்தது. பிசாசுக்கு அப்படி விழுமா?
அதுவரை ஒரு சீட்டும் போகவில்லையாம்.
என் முந்தானைப் பத்து ரூபாயில் அவனுக்கு ஒரு சாயா சொன்னேன்.
ஆறிப்போகும் என்று தெரிந்தும்
அவன் அதை உடனே குடிக்கவில்லை.

வேண்டாம் என்றது சுலபம்.
மூன்று மணிதான் கஷ்டம்.
அங்கே குலுக்கல் நடக்கும் நேரம்
இங்கே கட்டையால் அண்டியை ஓங்கி ஓங்கி அடித்தேன்.
மேஸ்திரி திட்டினான், பருப்பு இரண்டாய் உடைகிறதென்று.
மறுநாள் பேப்பர் தொங்கும் பெட்டிக்கடைப் பக்கம் போகாமல்
சந்தைக்குள் நுழைந்து சுற்றிப் போனேன்.
இன்றுவரை சுற்றித்தான் போகிறேன்.
விழுந்ததா இல்லையா, தெரியாது.
எண் மட்டும் மனப்பாடம்.
ஜெபத்தில் கண்ணை மூடினால் அதுவும் வந்து பக்கத்தில் முழங்கால் போடும்.

ஞாயிற்றுக்கிழமை டப்பாவைக் கவிழ்த்து எண்ணினோம்.
கணக்குச் சரி.
ரெத்தினபாய் ஒரு நோட்டை வெளிச்சத்தில் பிடித்து,
"இதென்ன, இப்படிக் கசங்கியிருக்கு?" என்றாள்.

"நான்தான் கசக்கினேன்" என்றேன்.
மேலே சொல்ல வாயெடுத்தேன்.
அவள் அதைத் தொடையில் வைத்துத்
தேய்த்துத் தேய்த்து நேராக்கிக்கொண்டிருந்தாள்.