ஐந்தாம் மாடிக் கதவு

ப்ளோவ்திவ் நகரத்து த்ராகியா குடியிருப்பில்
எட்டு மாடிக் கட்டடம், ஒரே ஒரு லிஃப்ட்.
ஐந்தாவதில் மட்டும்
மூடப்போன கதவு
முக்கால் தூரம் வந்து
மனம் மாறித் திரும்பத் திறக்கிறது.
வாசலில் ஆளில்லை.
யாரோ ஏறிக்கொள்ள ஆகும் நேரம் நின்று
மறுபடி மூடுகிறது.

"மெத்தோதி ஏறுகிறார்" என்றாள் நெவெனா,
கையில் தயிர் டப்பாவோடு.
கணவர் போனது பிப்ரவரியில்.
கதவுக்குப் புது மோட்டாரும்
அதை ஓட்டும் பலகையும் நாங்கள் மாட்டியது மார்ச்சில்.
தேதியை நான் சொல்லவில்லை.

பலகை நான் வரைந்தது.

ஷண்ட் என்றொரு சின்ன உலோகத் துண்டு,
ஐந்து மில்லி ஓம்.
தன் வழியே எவ்வளவு போகிறதென்று
மில்லிவோல்ட்டில் முணுமுணுக்கும்;
சில்லு கேட்டுக்கொண்டிருக்கும்.
அறுபதைத் தாண்டினால் நடுவில் ஆள் என்று பொருள்,
உடனே திற.
ஐந்தாம் மாடித் தண்டவாளம் லேசாக வளைந்தது.
மற்ற மாடிகளில் ஆறு ஆம்பியர், அங்கே எட்டு.
எட்டுக்கு நாற்பது வரவேண்டும்.
வந்தது அறுபத்துநான்கு.

மிச்ச இருபத்துநான்கு யாருடையது?

லச்செஸார் வரைபடத்தை அச்செடுத்து
மேசைமேல் விரித்தான், சிவப்புப் பேனாவோடு.
எங்கள் மொழியில் மேசைக்கும் மாசா என்று பெயர்,
மின்சுற்றின் தரைக்கும் மாசா என்றுதான் பெயர்.
அதனால்தானோ என்னவோ
தரை என்றால் தட்டை,
எங்கே தொட்டாலும் பூச்சியம்
என்று நம்பிவிட்டேன்.
செம்புக்கும் மேடுபள்ளம் உண்டு.
எட்டு ஆம்பியர் ஓடும்போது
நாலு சென்டிமீட்டர் ஓடைக்கு
ஒரு முனை உயர்ந்துவிடுகிறது.
அளக்கும் கோட்டின் ஒரு காலை
ஷண்ட்டின் காலடியில் ஊன்றாமல்
அந்த ஓடையின் கடைக்கோடியில் ஊன்றியிருந்தேன்.
ஒரு வெள்ளிக்கிழமை, மாலை ஏழரை.
ஒரு துளை மிச்சம் என்று சந்தோஷப்பட்டது
நன்றாக நினைவிருக்கிறது.

போகிற மின்சாரத்துக்கு ராஜபாட்டை போடுகிறோம்.
திரும்புவதை
கிடைத்த சந்தில் வா என்று விட்டுவிடுகிறோம்.
வரும். கட்டாயம் வரும்.
வருகிற வழியில்
யார் காதிலெல்லாம் விழுகிறது என்பதுதான் விஷயம்.

"தரையை இரண்டாக வெட்டு" என்றான்,
"மோட்டாருக்கு ஒன்று, சில்லுக்கு ஒன்று."
வெட்டினால் பள்ளத்தைத் தாண்டும் ஒவ்வொரு கோடும்
திரும்ப வழியில்லாமல் ஊரைச் சுற்றும்,
சுற்றுகிற வளையமெல்லாம் ஆண்டெனா என்றேன்.
காபி ஆறிப்போனது.
அவன் வெட்டிய கோட்டை நான் அடித்தேன்,
நான் அடித்ததன்மேல் அவன் கேள்விக்குறி போட்டான்.
பேனாவின் மூடி இன்றுவரை கிடைக்கவில்லை.

வெட்டவில்லை.
இடம் மாற்றினோம், அவ்வளவுதான்.
நாலு டிரான்சிஸ்டரையும்
மின்சாரம் நுழையும் ஓரத்துக்குத் தள்ளி,
கபாசிட்டரை மூக்கோடு மூக்காக வைத்து,
முரட்டு ஓட்டம் அங்கேயே சுற்றி அங்கேயே அடங்க.
ஷண்ட்டின் இரண்டு காலடியிலிருந்தும்
முடி மாதிரி இரண்டு கோடுகள்,
வேறெவர் பாரத்தையும் சுமக்காதவை,
தோளோடு தோளாகச் சில்லுவரை.

ஜூனில் புதுப் பலகை.
லிஃப்டுக்குள் தரையில் உட்கார்ந்திருந்தேன், மடியில் கணினி.
ஐந்தாம் மாடி. எட்டு ஆம்பியர். நாற்பது.
கதவு ஒரே மூச்சில் மூடியது.

வெளியே யாரோ பொத்தானை அழுத்தினார்கள்.
நெவெனா.
"நன்றாக மூடுகிறது" என்றாள்.
குரலில் புகாருமில்லை, பாராட்டுமில்லை.
ஏறவில்லை.
மூட வந்த கதவுகளுக்கு நடுவே
மணிக்கட்டுவரை கையை நீட்டினாள்.

திரையில் அறுபத்திரண்டு.
முழுவதும் அவளுடையது.
கதவு திறந்தது.