உவரிக்கே உப்புத்தண்ணியா

திசையன்விளை தபால் ஆபீசில்
ஐகோர்ட்துரை பெட்டியைக் குலுக்கிப் பார்த்தார்.
அனுப்பிய நாடு: சிலி.
உள்ளே: கடல்நீர், அரை லிட்டர்.
மதிப்பு: இல்லை.
"திருநெல்வேலிக்கே அல்வாங்கற மாதிரி
உவரிக்கே உப்புத்தண்ணியா, மேடம்?"
வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.
நானும் சிரித்துக் கையெழுத்துப் போட்டேன்.
நெரிசல் பஸ்ஸில் யாரோ ஒருத்தி
பெட்டியை மடியில் வாங்கிக்கொண்டாள்.
என்னவென்று கேட்கவில்லை.

ஒரே தொட்டியில் கலக்கி
ஒரே நாளில் மூடிய பதினொரு புட்டிகள்.
ஒன்று மொம்பாசாவுக்கு, ஒன்று ஹோபார்ட்டுக்கு,
ஒன்று என் வாயில் நுழையாத ஒரு நார்வே ஊருக்கு.
அதன் சரியான எண்
வால்பரைசோவில் பவுலினாவுக்கு மட்டும் தெரியும்.
சொல்ல மாட்டாள்.
அடுத்தவர் தாளைப் பார்க்காமல்
அவரவர் அளந்து அனுப்ப வேண்டும், பரீட்சை போல.

எங்கள் கடலின் புட்டிகள் வேறு.
கப்பல் கோயில் விரல்நகம் அளவு சிறுக்கிற தூரத்தில்
தொபியாஸின் வள்ளத்திலிருந்து எடுப்பவை.
குழாயை அடிவரை விட்டு
வழிய வழிய நிரப்ப வேண்டும்.
ஒரு குமிழி புகுந்தாலும் கொட்டிவிட்டு மறுபடி.
கச்சான் அடிக்கிற மாதங்களில்
வள்ளம் ஒரு பக்கம், குழாய் ஒரு பக்கம், என் குடல் ஒரு பக்கம்.
பிறகு ஒரு சொட்டுப் பாதரச நஞ்சு,
கண்ணுக்குத் தெரியாத உயிர்களெல்லாம்
மூச்சுவிட்டுக் கணக்கைக் கலைக்காமலிருக்க.
"அளக்கதுக்குக் கொல்லணுமாக்கும்" என்பான் தொபியாஸ்,
வலையிலிருந்து சாளையை உதறிக்கொண்டே.

ஒருநாள் அவனிடம் சொன்னேன்:
ஊரெல்லாம் எரிக்கிற புகை கடலில் கரைகிறது,
தண்ணீரில் காரம் குறைகிறது,
சிப்பிக்கு ஓடு கட்டுவது கஷ்டமாகும்.
விரலை நனைத்து நக்கினான்.
"உப்பு உப்பாத்தான இருக்கு.
காரம் கொறஞ்சா மொளவா அள்ளிப் போடுங்க."

நாக்குக்கு எட்டாத கணக்கு.
புள்ளிக்கு அப்பால் மூன்றாம் இடத்தில் நடக்கிறது.
சாயம் விட்டு, தண்ணீர் கத்தரிப்பூ நிறமானதும்
வெளிச்சத்தை ஊடே அனுப்பிக்
கேட்க வேண்டும்.

முடிவு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது.
பத்துப் புள்ளிகள் ஒரு கொத்தாக.
நான் மட்டும் தனியே, கீழே,
புள்ளி பூச்சியம் இரண்டு.
கேட்பவர்க்கு ஒன்றுமில்லை.
கடலுக்கு அது பத்து வருடம்.

தண்ணீர்த் தொட்டியின் சூட்டைப் பார்த்தேன், சரி.
விளக்கைப் பார்த்தேன், சரி.
மின்வெட்டைத் திட்டிப் பார்த்தேன்.
கடைசியில் சாயம்.
நல்லது தீர்ந்துபோக, அவசரத்துக்குப்
பாளையங்கோட்டைக் கடையில் வாங்கியது.
அதில் ஏதோ கலந்திருக்கிறது.
கடலை இருப்பதைவிட மோசமாகச் சொல்லியிருக்கிறேன்.
இதற்குச் சந்தோஷப்படலாமா என்று
கொஞ்ச நேரம் யோசித்தேன்.

"எனக்கும் போன வருடம் இதேதான்" என்று எழுதினாள் பவுலினா.
"சுத்தம் செய்த சாயம் கைவசம் இருக்கிறது. அனுப்புகிறேன்."
மொம்பாசாவிலிருந்து வஞ்சிரு கேட்டாள்:
எந்த நாளில் எந்தப் புட்டியைத் திறந்தாய்?

அதைத்தான் நான் குறித்துவைக்கவில்லை.

ஜூன், ஜூலை, ஆகஸ்ட். பதினேழு பயணம்.
ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும்
சந்தேகம் என்று எழுதினேன்,
என் கையெழுத்திலேயே, பதினேழு முறை.
பதினொரு நாட்டுக்கும் அது போய்ச் சேர்ந்தது.

தொபியாஸிடம் எப்படிச் சொல்வது என்று
கடற்கரை வரை ஒத்திகை பார்த்துப் போனேன்.
இயந்திரத்துக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தான்.
"வெறும் வலையோட வாறது எங்களுக்கென்ன புதுசா?
டீசல் காசு மட்டும் பாக்கி இருக்கு.
நாளைக்கு எத்தனை மணிக்கு?"

மூன்று வாரம் கழித்துச் சின்னப் பெட்டி.
"இந்தவாட்டி என்ன மேடம்?"
"சாயம்."
"தண்ணிக்கா?"
"ஆமா."
ஐகோர்ட்துரை இம்முறை ஒன்றும் சொல்லவில்லை.
முத்திரையை மையில் ஒற்றி
தேதி சரியாக இருக்கிறதா என்று
திருப்பி ஒருமுறை பார்த்துவிட்டுக்
குத்தினார்.