நான்கு படங்களின் முதுகு

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரை.
சிலிம் ரிவரில் பாதிக் கடைகளுக்கு ஷட்டர் இறங்கிவிடும்.
முதலாளி ஃபூங் சாப்பிடப் போய்விடுவார்.
செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று
ஸ்டூடியோ கண்ணாடியை அதிரவைத்துப் போகும்.
அப்புறம் நானும் ஏர்கோனும்தான்.

அப்போது கீழ் டிராயரைத் திறப்பேன்.
எடுத்துப்போக ஆள் வராத படங்கள்.
உறைமேல் பேர், தேதி, பாக்கி எட்டு வெள்ளி.
மூன்று மாதம் தாண்டிவிட்டால்
கதை எழுத எனக்கு உரிமை உண்டென்று
நானே ஒரு சட்டம் போட்டிருக்கிறேன்.
இன்னொன்று:
படத்தின் பின்பக்கத்துக்குள் கதை முடிய வேண்டும்.

முகத்தைப் பார்த்தால் எழுத வராது.
நான் காலரைப் பார்ப்பேன், காதைப் பார்ப்பேன்.
கறுப்புக் கோட்டு கடையுடையது, ஆணியில் தொங்குவது.
ஐசிக்கு வருகிற எல்லாரும் அதைத்தான் மாட்டுகிறார்கள்.
தோள் இதுவரை ஒருவருக்கும் பொருந்தவில்லை.
துணியின் தோளுக்கும் ஆளின் தோளுக்கும் நடுவே
விரற்கடை இடம்.
அங்கேதான் கதை உட்கார்ந்திருக்கும்.

ஒரு பிறந்தநாள் படம் இருந்தது.
ஆறு மெழுகுவர்த்தி, ஏழு பிள்ளைகள்,
விளிம்பில் பலூன் பிடித்த ஒரு கை மட்டும்.
அந்தக் கைக்கு மூன்று கதை எழுதினேன்.
மூன்றும் மோசம்.
கை யாருடையது என்று சொல்லப் போனதுதான் தப்பு.

தவசீலன் த/பெ சன்னாசி.
ஒரே முகம், நாலு பாஸ்போர்ட் படம், வெட்டாத தாள்.
திருப்பிப் போட்டு
ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு வரி எழுதினேன்:

லாரியிலிருந்து இறங்கினான், ஒரு வீட்டில் மட்டும் விளக்கு.
அந்த வீடு அவனுடையது அல்ல.
கதவைத் தட்டினான்.
திறந்தவள் அவன் பேரைச் சரியாகச் சொன்னாள்.

ஏழு மாதம் கழித்து ஆள் வந்தார்.
ரப்பர் பூட்ஸ், மடித்த பாரம்.
"அப்போ காசு இல்லம்மா. இப்ப ரெண்டு படம் போதும்,
மலிவு வீட்டுக்குப் போடணும்.
லயத்த உடைக்கப் போறானுங்க."

கை நடுங்க மேல்வரிசை இரண்டையும் வெட்டிக் கொடுத்தேன்.
வாங்கியவர் திருப்பினார்.
தமிழ்ப்பள்ளியில் படித்தவர்போல, வரிக்கடியில் விரல் ஓட்டிப் படித்தார்.
முதல் படத்துக்கு ஒன்றும் சொல்லவில்லை.
இரண்டாவதில் விரல் நின்றது.

"பதில் வந்திருச்சா?
பாரமே இன்னும் குடுக்கலியே.
ஆபீஸ்ல யாரு எழுதுனது?"

எந்த ஆபீசும் இல்லை, நான்தான், சும்மா,
படம் பார்த்துக் கதை என்று
என்னென்னவோ உளறினேன்.
அவர் கதையைக் கேட்கவில்லை.
அந்த வரியைக் கீழே வைத்துவிட்டு
ஈரக் கையைத் துடைப்பதுபோல
விரலைச் சட்டையில் துடைத்தார்.

கீழ்வரிசையை வெட்டினேன்.
அதையும் திருப்பிப் பார்த்தார்.
கதவைத் தட்டினான்.
திறந்தவள் அவன் பேரைச் சரியாகச் சொன்னாள்.
"இது இருக்கட்டும்" என்று பாரத்துக்குள் செருகினார்.
எட்டு வெள்ளியைச் சில்லறையாக எண்ணி வைத்தார்.

கதவும் பேரும் இந்நேரம்
தஞ்சோங் மாலிமில் ஏதோ ஒரு கோப்பில்
ஊசி குத்திக் கிடக்கும்.
என்னிடம் இருப்பது இரண்டு வரி:
ஒரு விளக்கு,
அவனுடையது அல்லாத வீடு.

மிச்சத்தை இன்னொரு தாளில் எழுதி ஒட்டலாம்.
நேற்றுகூடப் பேனாவை எடுத்தேன்.
ஆணியில் கோட்டு ஆடிக்கொண்டிருந்தது.
மூடி வைத்துவிட்டேன்.