ஒரு கை வெளியே

கட்டுவது என் வேலை.
பாகலூர் ரோட்டுப் பூப்பண்ணை, பேக்கிங் ஹால்.
இருபது தண்டுக்கு ஒரு கட்டு,
அட்டை சுற்றி, ரப்பர் போட்டு,
மேலே தலைகள் மட்டும் தெரிய.
திறந்த பூ கப்பலேறாது.
அதனால் செடியிலேயே மொட்டுக்கு வலைத்தொப்பி மாட்டுவார்கள்,
அவசரப்பட்டு விரியக் கூடாதென்று.

லிகிதா பிறந்த வாரமே
நாகவேணி சொல்லிவிட்டாள்:
"இவளச் சுத்துறது உன் பொறுப்பு."

என் பழைய வேட்டியை நாலாய்க் கிழித்தோம்.
மேல்முனையை மடித்து, மடிப்பில் கழுத்தை வைத்து,
இந்தப் பக்கத்தை இழுத்து அந்த விலாவுக்கடியில் செருகி,
இடுப்புக்குக் கீழே தாராளமாக விட்டு,
மல்லாக்கப் படுக்கவைத்தால்
ஓசூர்க் குளிருக்கு ஒரு பொட்டலம்.
தூக்கத்தில் எங்கிருந்தோ விழுகிறவள் மாதிரி
திடுக்கென்று உதறுவாள்.
துணி பிடித்துக்கொள்ளும்.
மறுபடி தூங்கிவிடுவாள்.
நாங்களும்.

தை பிறந்ததும் குதிகாலை ஊன்றி
இடுப்பைத் தூக்க ஆரம்பித்தாள்.
ஊசி போடப் போன இடத்தில் சிஸ்டர் ஜபீன் கேட்டார்:
"இன்னும் கட்டுறீங்களா?"
நான் எத்தனை மாதம் வரைக்கும் என்று கேட்டேன்.
"மாசத்த எண்ணாதீங்க, இவளப் பாருங்க.
இன்னையிலிருந்து ஒரு கைய வெளிய வுடுங்க.
நாலஞ்சு நாள்ல இன்னொண்ணு.
புரளப் பாத்தான்னா அன்னைக்கே நிறுத்திடணும்,
ஒரு ராத்திரிகூடத் தள்ளாதீங்க.
கை கட்டிக் குப்புற விழுந்தா
மூக்கத் திருப்பிக்க அதுக்கு வழியில்ல."

வலது கையை விட்டேன்.
அந்தக் கை முதலில் செய்தது
அவள் மூக்கிலேயே ஓர் அடி.
யார் அடித்தது என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.
மூன்றாம் நாள் அது வாயைக் கண்டுபிடித்தது.
அப்புறம் என் சட்டைப் பொத்தானை.

நாலஞ்சு நாள் பதினோரு நாளாயிற்று.
காதலர் தின ஆர்டர். இரவு ஒரு மணி வரை ஹால்.
குளிர் அறைக்குள் போய்ப் போய்
விரல் நுனிகள் என்னுடையவை இல்லை.
மிச்சமிருந்த நாலு மணி நேரத் தூக்கத்தை
இடது கையின் கட்டில் வைத்திருந்தேன்.
அவளுக்காக என்றுதான் சொல்லிக்கொண்டேன்.

ஒரு ராத்திரி, எக்ஸெல்லை நிறுத்திவிட்டு
ஓசைப்படாமல் கதவைத் திறந்தால்
லிகிதா ஒருக்களித்திருக்கிறாள்.
கட்டிய தோள் கீழே.
முகம் பாய்க்கு ஒரு சாண் தூரத்தில்.
விட்ட கை காற்றில், பிடிக்க ஏதாவது தேடி.
அழவில்லை. முக்கிக்கொண்டிருந்தாள்,
ஒரு வேலையை முடிக்கிறவள் மாதிரி.

ஐம்பது விநாடியில் கட்டுகிறவன்.
அவிழ்க்க எவ்வளவு ஆயிற்று என்று தெரியாது.

காலையில்தான் நாகவேணியிடம் சொன்னேன்.
ஒன்றும் பேசவில்லை.
வேட்டித் துண்டுகளை எடுத்துக் கொடியில் போட்டாள்.
காய்ந்தே இருந்தன.

அடுத்த மூன்று ராத்திரி யாரும் தூங்கவில்லை.
கண் செருகும், கை துள்ளும், அழுகை.
நெஞ்சின் மேல் என் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்.
சில்லென்று இருந்ததோ என்னவோ, இன்னும் கத்தினாள்.
நாகவேணி என் கையைத் தன் கழுத்தடியில் வைத்துச்
சூடாக்கித் திருப்பிக் கொடுத்தாள்.
அழுத்தாமல், சும்மா இருக்கிறேன் என்கிற அளவுக்கு வைத்தேன்.
ஒரு துள்ளல். இன்னொன்று.
கண்ணசந்ததும் மெல்ல எடுத்தேன்.
எடுத்தது தெரிந்து மறுபடி அழுதாள்.
மறுபடி வைத்தேன்.

நாலாம் நாள் நான் வரும்போது தூங்கிக்கொண்டிருந்தாள்,
கேள்வி கேட்பதற்கு முன்பே பதில் தெரிந்த பிள்ளை போல
இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி,
பத்து விரலும் விரிந்து.

வேட்டித் துண்டு ஒன்று
எக்ஸெல் சீட்டில் பனி துடைக்கிறது.
இரண்டு சமையலறையில்.
நாலாவது என் பேன்ட் பாக்கெட்டில் இருக்கிறது.
ஹாலில் கை விறைக்கும்போது
அதற்குள் விரல்களை நுழைத்துக்கொள்கிறேன்.
சூடேறியதும் வெளியே எடுத்து
அடுத்த இருபதைக் கட்டுகிறேன்.