தன்மை ஒருமை

பயிற்சியின் முதல் நாளே சொல்லிவிட்டார்கள்:
‘அவர் சொல்கிறார்’ என்று ஆரம்பிக்காதே.
நோயாளி ‘நான்’ என்றால் நீயும் ‘நான்’.
மருத்துவர் ‘நான்’ என்றால் அதுவும் நீயே.
எதையும் சேர்க்காதே, எதையும் விடாதே.
நாற்காலியைச் சற்றுப் பின்னால் போட்டுக்கொள்.

ஆறு வருடமாக
புவாங்கோக்கில், ஜன்னல் திறக்காத அறைகளில்,
மணிக்கணக்குக் கூலிக்கு
நான் நானாக இருந்ததில்லை.

திங்கள் காலை நான்
மகனோடு ஒன்பது வருடம் பேசாத தகப்பன்.
பதினொரு மணிக்கு,
பெற்று நாற்பது நாளாகியும்
குழந்தையின் முகம் பார்க்கப் பிடிக்காதவள்.
உணவங்காடியில் மீ கோரெங் சாப்பிடும் அரை மணி
யாருமில்லை.
இரண்டு மணிக்குச் சுவருக்குள் தண்ணீர்
என் பெயரைச் சொல்வதைக் கேட்கிறேன்.

வியாழக்கிழமை சமூக மன்றத்தில் தியான வகுப்பு.
“‘நான்’ என்பதை மெல்லக் கீழே வையுங்கள்.”
பக்கத்துப் பாய்க்காரர் திணறுகிறார், பாவம்.
எனக்கு அது பிழைப்பு.
வைப்பது சுலபம் ஐயா,
வைத்த இடம்தான் நினைவில்லை.

தலைமாட்டில் மூன்று புத்தகங்கள்.
உன்னை நீயே நேசி என்கிற புத்தகத்தில்
அறுபதாம் பக்கத்தில் சலவைக்கடை ரசீது.
கைப்பேசியில் ஒரு நீல வட்டம்
விரிந்தால் மூச்சை இழுக்க வேண்டும்.
மின்கலம் தீரும்வரை விரிந்துகொண்டே இருக்கிறது.

போன செவ்வாய்
துவாஸ் கப்பல் பட்டறையிலிருந்து தவசிலிங்கம்.
டாக்டர் குவெக் படிவத்தை எடுத்தார்.
கடந்த இரண்டு வாரங்களில்:
ஒருநாளும் இல்லை, சில நாள்,
பாதி நாளுக்கு மேல், ஏறக்குறைய தினமும்.

“மனசு கனக்குது.”

எத்தனை நாள் என்றார் டாக்டர்.

“நாள் கணக்கு இல்லீங்க. எடைக்கணக்கு.”
சொல்லிவிட்டு நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.
டாக்டரின் பேனா நெற்றிப்பொட்டில் நின்றிருந்தது.
நெஞ்சுக்கும் நெற்றிக்கும் நடுவில் ஒரு முழம்.
அங்கேதான் என் தொண்டை.

அடுத்தது தூக்கம் பற்றிய கேள்வி.
பதில் சொல்லாமல்
தவசிலிங்கம் திரும்பி என்னைப் பார்த்தார்.
“நீங்க தூங்குறீங்களாக்கா?”

விடக் கூடாது. சொன்னேன்.
ஆங்கிலத்தில், டாக்டரைப் பார்த்து:
நீங்கள் தூங்குகிறீர்களா?
அக்காவை மட்டும் விட்டுவிட்டேன்.
ஆறு வருடத்தில் முதல் திருட்டு.

கேள்வி தனக்கென்று நினைத்துவிட்டார் அந்த மனிதர்.
கண்ணாடியைக் கழற்றினார்.
குளிர்சாதனம் ஒருமுறை விக்கியது.
திரையைப் பார்த்தபடியே ஏதோ சொன்னார்,
நான் தமிழில் சொன்னேன்:

“சரியாத் தூங்கறதில்ல. மார்ச் மாசத்துலேருந்து.
மூணு மணிக்கு முழிப்பு வந்துடுது.
குழாய் சொட்டுதான்னு எழுந்து போய்ப் பாக்குறேன்.
சொட்டுறதில்ல.”

டாக்டர் சொன்னது மார்ச் வரைதான்.
குழாய் என் வீட்டுக் குழாய்.

“எனக்கும் மூணு மணிதான்” என்றார் தவசிலிங்கம்
எங்கள் இருவருக்கும் நடுவே எங்கோ பார்த்து.
“ரூமுல பன்னண்டு பேரு.
யாரு குறட்டை யாருதுன்னு இருட்டுல சொல்லிடுவேன்.
என்னோடத மட்டும் கேட்டதில்ல.”

டாக்டர் ஒரே ஒரு கட்டத்தில் குறியிட்டார்.
ஏறக்குறைய தினமும்.
யாருக்கென்று நான் கேட்கவில்லை.

கடைசியில் அவர் சொன்ன ஆங்கிலத்தில்
நாமும் நாங்களும் ஒரே சொல்.
தமிழ் விடாது, கூட்டத்தில் நீ உண்டா என்று கேட்கும்.
எழுவாயை விழுங்கிவிட்டு
“பாப்போம்” என்றேன்.

அன்றிரவு ஹவ்காங்கில், பதினொன்றாம் மாடியில், மூன்று மணி.
குழாய் சொட்டவில்லை.
எதிர்த்தொகுதியில் இரண்டு சமையலறைகளில் வெளிச்சம்.
“நான்” என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.
பழக்கதோஷம்,
நாற்காலியைச் சற்றுப் பின்னால் இழுத்துப் போட்டு
அடுத்த சொல்லுக்குக் காத்திருந்தேன்.

ரொம்ப நேரம் கழித்து வந்தது:
பசிக்குது.

யாருக்கும் அதைப் பெயர்க்காமல்
ரொட்டியில் காயா தடவினேன்.